சதுரங்கப் பலகையும் இயந்திரத்தின் தீர்ப்பும்

மனிதர் ஆடும் ஆட்டங்களுள் பெரும்பாலானவற்றை நேரில் கண்டாலன்றி முழுமையாகச் சுவைத்தல் இயலாது. கிரிக்கெட் ஆட்டத்தின் போக்கைச் சொல்லால் கேட்டறியலாம். எனினும் பந்தின் சுழற்சியைச் சொல்லால் கண்முன் நிறுத்துவது அரிது. சதுரங்கம் இதற்கு விலக்கானது. அறுபத்து நான்கு கட்டங்களுள் எந்தக் காய் எங்கிருந்து எங்கே சென்றது என்று குறித்துவிட்டால், ஆட்டம் முழுவதும் ஒரு குறையுமின்றி நம் கைக்கு வந்துவிடுகிறது. வல்லுநர் இருவர் நான்கு மணி நேரம் மூளையைக் கசக்கி ஆடிய ஆட்டம் ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும். அந்த அட்டையைப் பெற்றவர் தம் வீட்டுத் திண்ணையில் பலகையை விரித்து, அவ்விருவரும் கண்ட நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாமும் காணலாம்.

இந்த எளிமையால் சதுரங்கம் தொலைவில் வாழ்வோருக்கு நெடுங்காலமாக உற்ற துணையாக இருந்து வந்திருக்கிறது. பிறந்த ஊரை விட்டு வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர் இதனை எளிதில் உணர்வர். பெட்டியின் ஒரு மூலையில் மடித்து வைக்கும் பலகையும் முப்பத்திரண்டு காய்களும் எந்த மொழி பேசும் ஊருக்கும் உடன் வரும். அண்டை வீட்டாரின் மொழி நமக்குத் தெரியாவிடினும், குதிரை எவ்வாறு தாவும் என்பது இருவருக்கும் தெரியும்.

தொலைவு என்று சொல்லும்போது திக்லிபூரை நினைத்துப் பார்ப்போம். வரைபடத்தில் சென்னையிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால், அது வங்கக் கடலைக் கடந்து, 1,300 கிலோமீட்டருக்கும் அப்பால், வட அந்தமானில் ஏறத்தாழ இவ்வூரின் அருகே கரையேறும். அந்தமான் தீவுகளிலேயே உயரமான சாடில் சிகரம் 732 மீட்டர் உயரத்தில் நிற்பதும், கல்போங் ஆறு ஓடுவதும் இப்பகுதியிலேதான். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரிலிருந்து இங்கு வருவதற்குத் தரை வழியே சுமார் 300 கிலோமீட்டர் கடக்க வேண்டும். இந்திய நாட்டின் பொதுக் கடிகாரத்தையே இத்தீவும் பின்பற்றுவதால், நவம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணி அடிக்குமுன்பே இங்கே கதிரவன் மறைந்துவிடுகிறான்.

இத்தகைய ஊரில் இருக்கும் ஒருவர், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக வாகைப் போட்டியின் இறுதி ஆட்டத்தை, அது நடந்துகொண்டிருந்த நொடியிலேயே கையடக்கக் கருவியில் காண முடிந்தது. அதுமட்டுமா? பலகையின் முன் அமர்ந்திருந்த இருவரும் அறிவதற்கு முன்பே, ஆட்டம் எவர் பக்கம் சாய்ந்தது என்பதையும் அவர் அறிந்துகொள்ள முடிந்தது. காரணம், ஆட்டக்காரர்கள் இன்ஜின் என்று வழங்கும் சதுரங்க இயந்திரம் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் உடனுக்குடன் ஓர் எண்ணைத் திரையின் ஓரத்தில் காட்டிக்கொண்டே இருந்தது. உலக வாகையருக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது என்றால், அவரைவிட நாம் அறிவாளிகள் ஆகிவிட்டோமா? அந்த எண் நமக்கு எதைக் கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது? இக்கேள்விக்கு விடை காண வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

ஆட்டத்தை ஆராய்வது இயந்திரத்தோடு பிறந்த வழக்கமன்று. சென்னை மாநகருக்கே இதில் நீண்ட மரபு உண்டு. 1829ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆங்கில நூல் அச்சாகி வெளிவந்தது. அதனை இயற்றியவர்கள் சென்னையைச் சேர்ந்த குலாம் காசிம் என்பவரும், கும்பினியாரின் அரசுப் பணியில் இருந்த ஜேம்ஸ் காக்ரேன் என்பவரும் ஆவர். தொடக்கத்திலேயே ஒரு குதிரையைப் பலிகொடுத்து எதிரியின் அரசனைத் தாக்கும் ஆட்டமுறை ஒன்றை அந்நூல் விரிவாக ஆராய்ந்தது. சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே கடித வழியே நடந்த இரண்டு ஆட்டங்களையும் அது பதிவு செய்தது. அம்முறையின் ஒரு கிளை இன்றளவும் உலகச் சதுரங்க நூல்களில் குலாம் காசிமின் பெயராலேயே வழங்குகிறது. மின்விளக்கும் தந்தியும் இல்லாத காலத்தில், பலகையின் முன் அமர்ந்து, இவ்வாறு ஆடினால் என்ன, அவ்வாறு ஆடினால் என்ன என்று இரவு பகலாக எண்ணிப் பார்த்தவர்களின் உழைப்பு அது.

பின்னர்த் தந்தி வந்தது. செய்தித்தாளும் வானொலியும் வந்தன. 1886ஆம் ஆண்டில் ஸ்டைனிட்ஸ் என்பவரும் சூக்கர்ட்டார்ட் என்பவரும் மோதிய போட்டியையே முதல் உலக வாகைப் போட்டி என்று கொள்வர். அன்று முதல், உலகம் ஒரு போட்டியைத் தொடர்வதென்றால், நகர்த்தல்கள் வந்து சேரும்வரை காத்திருப்பதென்றே பொருள். 1972ஆம் ஆண்டின் கோடையில் ஐஸ்லாந்து நாட்டு ரெய்க்யவிக் நகரில் அமெரிக்கராகிய பாபி ஃபிஷரும், சோவியத் நாட்டவராகிய போரிஸ் ஸ்பாஸ்கியும் மோதினர். சதுரங்கம் அறியாதவர்களும் அப்போட்டியின் செய்தியை நாள்தோறும் எதிர்பார்த்தனர். ஃபிஷர் 12½–8½ என்னும் கணக்கில் வென்றார்.

அதே 1972ஆம் ஆண்டில், சென்னையில் இருந்த சோவியத் பண்பாட்டு நிலையத்தில் டால் சதுரங்கக் கழகம் தோன்றியது. அதனைத் தொடங்கிய மானுவல் ஏரன், 1961ஆம் ஆண்டிலேயே இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் என்னும் தகுதியைப் பெற்றவர். அன்னையிடம் காய் நகர்த்தக் கற்ற விசுவநாதன் ஆனந்த் என்னும் சிறுவர் ஆடிப் பழகியதும் அக்கழகத்தில்தான். அச்சிறுவர் 1988ஆம் ஆண்டில் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

அக்காலத்து ரசிகரின் நிலையைக் கருதிப் பார்ப்போம். செய்தித்தாளில் வந்த நகர்த்தல்களைப் பலகையில் வைத்துப் பார்ப்பார். அடுத்த நகர்த்தலைக் கையால் மறைத்துக்கொண்டு, தாமாயின் எதை ஆடியிருப்போம் என்று எண்ணுவார். வாகையர் வேறொன்றை ஆடியிருப்பதைக் கண்டால், அதன் காரணத்தைத் தேடுவார். சில வேளை காரணம் புலப்படும். பல வேளை புலப்படாது. வாகையர் பிழை செய்தார் என்று சொல்ல வேண்டுமாயின், அவருக்கு நிகரான மற்றொரு வல்லுநரே வந்து சொல்ல வேண்டும். ஆகவே ரசிகரிடம் அறியாமை இருந்தது. அந்த அறியாமையோடு பணிவும், தேடும் ஆர்வமும் சேர்ந்தே இருந்தன.

இந்த நிலையை மாற்றிய இயந்திரத்தின் கதை 1950ஆம் ஆண்டில் தொடங்குகிறது என்று கூறலாம். கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர், கணிப்பொறியைச் சதுரங்கம் ஆடச் செய்வது எவ்வாறு என்று ஒரு கட்டுரையில் விளக்கினார். அதன் அடிப்படைக் கருத்து எளியது. ஒவ்வொரு நிலையிலிருந்தும் பிறக்கக்கூடிய நகர்த்தல்களை ஒரு மரத்தின் கிளைகளைப் போல விரித்துக்கொண்டே செல்வது. ஒரு தொலைவில் நின்று, அங்கே உள்ள நிலையின் மதிப்பை ஓர் எண்ணாகக் கணிப்பது. எதிரி தமக்குச் சிறந்ததையே ஆடுவார் என்று கொண்டு, நமக்கு மிகுந்த எண்ணைத் தரும் கிளையைத் தேர்வது. மதிப்பிடுவதற்குச் சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, அரசிக்கு 9 என்று வைத்துக்கொண்டு, இருதரப்புக் காய்களையும் கூட்டிக் கழித்து, அரசனின் பாதுகாப்பு முதலியவற்றையும் சேர்த்துக்கொள்வது.

வித்து விழுந்தது; மரம் வளர நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1996ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ என்னும் பெருங்கணிப்பொறியை உலக வாகையர் காரி காஸ்பரோவ் 4–2 என்று வென்றார். மறு ஆண்டு மே மாதத்தில் நியூயார்க் நகரில் அதே இயந்திரம் மேலும் வலுப்பெற்று வந்து, 3½–2½ என்று அவரை வென்றது. நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராயும் ஆற்றல் அதற்கு இருந்தது. ஆயினும் அது பேரளவான இயந்திரம். ஒரு நிறுவனத்தின் உடைமை. சாதாரண ரசிகருக்கு அதனால் நேர்ப்பயன் ஒன்றுமில்லை.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்ததே பெரிய மாற்றம். 2009ஆம் ஆண்டில் அர்ஜென்டினா நாட்டின் புவனோஸ் ஐரிஸ் நகரில் நடந்த ஒரு போட்டியில், கைப்பேசியில் இயங்கிய பாக்கெட் ஃபிரிட்ஸ் என்னும் நிரல் 10 ஆட்டங்களில் 9½ புள்ளிகள் பெற்று முதலிடம் கண்டது. இதற்கிடையே 2008ஆம் ஆண்டில் ஸ்டாக்ஃபிஷ் என்னும் இயந்திரம் வெளிவந்தது. எவரும் விலையின்றிப் பெறலாம், எவரும் திருத்தி மேம்படுத்தலாம் என்னும் திறந்த முறையில் அது வளர்ந்தது. 2017 டிசம்பரில் ஆல்ஃபா ஜீரோ என்னும் நிரலைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. ஆட்ட விதிகளைத் தவிர வேறொன்றும் சொல்லித்தரப்படாமல், தன்னோடு தானே ஆடிக் கற்ற அது, ஸ்டாக்ஃபிஷுடன் ஆடிய 100 ஆட்டங்களில் 28இல் வென்று, எஞ்சிய 72ஐயும் சமன் செய்தது. 2020ஆம் ஆண்டில் ஸ்டாக்ஃபிஷும் மூளை நரம்புகளின் அமைப்பைப் போன்ற கற்கும் முறையைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. மனிதருள் இதுவரை எட்டப்பட்ட மிகவுயர்ந்த தரப்புள்ளி, 2014 மே மாதத்தில் மாக்னஸ் கார்ல்சன் பெற்ற 2882 ஆகும். இன்றைய இயந்திரங்களின் ஆற்றலோ 3500க்கும் மேல் மதிப்பிடப்படுகிறது.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த இயந்திரத்தைக் கருவியில் ஒருமுறை பதிந்துகொண்டால், பின்னர் இணையத் தொடர்புகூட வேண்டுவதில்லை. காஸ்பரோவை வென்ற டீப் புளூவைவிட வலிமை மிக்க ஒன்று திக்லிபூரில் ஒரு மாணவனின் சட்டைப் பைக்குள் உறங்குகிறது.

அது காட்டும் எண்ணுக்கு என்ன பொருள்? ‘கூட்டல் 1’ என்று காட்டினால், வெள்ளைக்கு ஏறத்தாழ ஒரு சிப்பாயின் மதிப்புக்குச் சமமான ஆதாயம் உண்டு என்று கொள்ளலாம். ‘கழித்தல்’ என்று காட்டினால் கறுப்புக்கு ஆதாயம். சுழி என்றால் சமநிலை. மூன்று, நான்கு என்று எண் உயர்ந்துவிட்டால், சரியாக ஆடுவோருக்கு வெற்றி உறுதி. இங்கே ‘சரியாக ஆடுவோருக்கு’ என்னும் சொல்லைக் குறித்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தைப் போலத் தொடர்ந்து பிழையின்றி ஆடுவோருக்கு என்பதே அதன் முழுப்பொருள். ஒரு சமநிலையைக் காப்பாற்ற ஒரே ஒரு வழிதான் உண்டு, அதுவும் பதினைந்து நகர்த்தல்களுக்கு அப்பால்தான் விளங்கும் என்றாலும், இயந்திரம் சுழி என்றே காட்டும். எந்த வழியில் சென்றாலும் கேடில்லை என்னும் நிலைக்கும் அதே சுழியைத்தான் காட்டும். மனிதருக்கோ முன்னது கத்தி முனை. பின்னது அகன்ற சாலை.

இந்த வேறுபாட்டை உணர்த்தும் மூன்று நிகழ்ச்சிகள் தமிழர் கண்முன்னே நடந்தன.

முதலாவது, 2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலக வாகைப் போட்டி. 2007 முதல் வாகையராக விளங்கிய ஆனந்த், தாம் வளர்ந்த நகரிலேயே நார்வே நாட்டு இளைஞர் கார்ல்சனை எதிர்கொண்டார். கார்ல்சன் 6½–3½ என்று வென்றார். நவம்பர் 21 அன்று நடந்த ஒன்பதாம் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன் ஆடிய ஆனந்த், போட்டியில் பின்தங்கியிருந்தமையால் எதிரியின் அரசனை நோக்கித் துணிந்து படை நடத்தினார். கார்ல்சனோ மறுபுறத்தில் ஒரு சிப்பாயைக் கடைசிக் கட்டம்வரை செலுத்தி அரசியாக்கி, முற்றுகை கொடுத்தார். அதைத் தடுக்க மந்திரியைக் கொணர்ந்திருந்தால் போர் நீடித்திருக்கும். ஆனந்த் தம் 28ஆம் நகர்த்தலில் குதிரையைப் பின்வாங்கி வைத்தார். கார்ல்சனின் புதிய அரசி ஒரே அடியில் அவர் தாக்குதலின் வழியை அடைத்துவிட்டது. ஆனந்த் அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது ஒரே நொடியில் விழுந்த வீழ்ச்சி. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கோ, அந்தப் பிழைக்கு முன் இருந்த நெடிய துணிவும், நான்கு கிளைகளை ஒருங்கே மனத்தில் தாங்கிய சுமையும் புலப்பட்டன.

இரண்டாவது நிகழ்ச்சி இதனினும் வியப்பிற்குரியது. மறு ஆண்டு, 2014 நவம்பரில், இரஷ்ய நாட்டுச் சோச்சி நகரில் அவ்விருவரும் மீண்டும் மோதினர். இந்திய நேரப்படி ஆட்டங்கள் மாலை ஐந்தரை மணிக்குத் தொடங்கின. திக்லிபூரில் அப்போது நன்கு இருட்டிவிட்டிருக்கும். நவம்பர் 15 அன்று நடந்த ஆறாம் ஆட்டத்தில், மேலோங்கிய நிலையில் இருந்த கார்ல்சன் தம் 26ஆம் நகர்த்தலாக அரசனை ஒரு கட்டம் பெயர்த்தார். அது பெரும் பிழை. ஆனந்த் தம் குதிரையால் நடுவிலிருந்த சிப்பாயை வெட்டியிருக்கலாம். வெள்ளை யானை கறுப்பு யானையை வெட்டினாலும், குதிரை மற்றொரு சிப்பாயை வெட்டி, புதிய கட்டத்துக்கு வந்து நின்ற அரசனுக்கே முற்றுகை கொடுக்கும். அதன் பின்னர் யானையையும் திரும்பப் பெறலாம். முடிவில் கறுப்புக்கு இரண்டு சிப்பாய்கள் ஆதாயம், வெற்றிக்கு வழி.

உலகெங்கும் இயந்திரத்தைத் திறந்து வைத்திருந்தவர்கள் திரையில் எண் புரண்டதைக் கண்டனர். அவர்களுள் காய் நகர்த்தப் புதிதாகக் கற்றவர்களும் இருந்திருப்பர். பலகையின் முன்னிருந்த ஆனந்தோ ஏறத்தாழ ஒரு நிமிடமே எண்ணி, ஓரத்துச் சிப்பாய் ஒன்றை நகர்த்தினார். நகர்த்திய பிறகே தாம் விட்டதை உணர்ந்தார். அந்த ஆட்டத்தில் கார்ல்சன் வென்றார். போட்டியையும் 6½–4½ என்று வென்றார். எதிர்பாராத பரிசு வரும்போது அதை எடுத்துக்கொள்ளத் தவறிவிடுவதும் உண்டு என்னும் கருத்தை ஆனந்த் பின்னர் அமைதியாகத் தெரிவித்தார்.

இதில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. அந்த வாய்ப்பைக் காணும் ஆற்றல் ஆனந்துக்கு இல்லை என்று எவரும் சொல்ல மாட்டார். பயிற்சித் தாளில் அதே நிலையை வரைந்து, கறுப்பு ஆடி ஆதாயம் பெறுக என்று எழுதிக் கொடுத்தால், அவர் நொடிப்பொழுதில் விடை சொல்லியிருப்பார். ஆனால் ஆட்டத்தின் நடுவே, இங்கே ஒரு வாய்ப்பு உண்டு என்று எவரும் அவர் காதில் சொல்வதில்லை. இயந்திரத்தின் எண் நமக்குச் செய்யும் பேருதவி விடையைச் சொல்வது மட்டுமன்று. இங்கே ஒரு கேள்வி இருக்கிறது என்று சொல்வதே அதனினும் பெரிய உதவி. உலக வாகையருக்குக் கிட்டாத அந்த உதவியைப் பெற்றுக்கொண்டு, இதுகூடத் தெரியவில்லையா என்று அவரை நகைப்பது நேர்மையாகாது. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தேர்வு எழுதுவோரைப் பழிப்பவரை நாம் மதிப்போமா?

மூன்றாவது நிகழ்ச்சிக்கு வருமுன், தீவுகளுக்கு வந்த மாற்றத்தைக் கூற வேண்டும். அந்தமான் நிகோபார்த் தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோளையே தொடர்புக்கு நம்பியிருந்தன. 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையையும் தீவுகளையும் இணைக்கும், மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னையில் தொடங்கிய அவ்வடம் போர்ட் பிளேரை அடைந்து, அங்கிருந்து லிட்டில் அந்தமான், கார் நிகோபார், பெரிய நிகோபார் எனத் தெற்கேயும், ரங்கத் என வடக்கேயும் பிற தீவுகளைத் தொட்டது. கப்பலில் கடிதம் வந்த கடலின் அடியில் இப்போது ஒளியே செய்தி சுமந்து செல்கிறது.

2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில், சீன நாட்டு வாகையர் டிங் லிரெனுக்கும் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷுக்கும் இடையே போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் டிங் வென்றார். மூன்றாம் ஆட்டத்திலும் பதினோராம் ஆட்டத்திலும் குகேஷ் வென்றார். பன்னிரண்டாம் ஆட்டத்தில் டிங் மீண்டும் வென்று சமன் செய்தார். டிசம்பர் 12 அன்று பதினான்காம் ஆட்டத்துக்கு அமர்ந்தபோது இருவருக்கும் ஆறரைப் புள்ளிகள். அதுவும் சமனானால், மறுநாள் விரைவு ஆட்டங்களால் முடிவு காண வேண்டும்.

இந்திய நேரப்படி பகல் இரண்டரை மணிக்குத் தொடங்கிய அவ்வாட்டம் நெடுநேரம் நீண்டது. கறுப்புக் காய்களுடன் ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. ஆயினும் இருவரிடமும் ஒரு யானையும் ஒரு மந்திரியுமே எஞ்சியிருந்தன. இயந்திரம் சமநிலை என்றே காட்டியது. வல்லுநர் பலரும் சமன் என்றே கருதினர். குகேஷ் மட்டும் விடவில்லை. எதிரிக்கு ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு சிறு கேள்வியை வைத்துக்கொண்டே இருந்தார். டிங்கிடம் நேரமும் குறைவு. மூன்று வாரப் போரின் களைப்பும் மிகுதி.

55ஆம் நகர்த்தலில் டிங் யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். அந்தக் கணமே திரையில் எண் சரிந்தது. அவருடைய மந்திரி பலகையின் மூலையில் ஒதுங்கியிருந்தது. யானைகள் போன பின் குகேஷ் தம் மந்திரியை அதன் எதிரே நிறுத்தினால், அதற்குத் தப்பிச் செல்ல வேறு வழியில்லை, மந்திரிகளும் மாறிவிடும். எஞ்சுவன அரசர்களும் சிப்பாய்களுமே. அவ்விடத்தில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தால் வெற்றி உறுதி. உலகமெல்லாம் இதனை அறிந்துவிட்ட அந்த நொடியில், குகேஷ் இன்னும் அறியவில்லை. வேறொரு நகர்த்தலை ஆடவே முதலில் எண்ணியதாகப் பின்னர் அவரே கூறினார். சில நொடிகள் கழிந்தன. அவருடைய கண்கள் விரிந்தன, முகம் மாறியது. அம்முக மாற்றத்தைக் கண்டே டிங் தம் பிழையை உணர்ந்தார். 58ஆம் நகர்த்தலுக்குப் பின் டிங் கை நீட்டினார். 7½–6½ என்னும் கணக்கில் குகேஷ் உலக வாகையர் ஆனார். 1985ஆம் ஆண்டில் 22 வயதில் வாகையரான காஸ்பரோவின் சாதனையை அவர் கடந்தார். காய்களை மீண்டும் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு அவர் கண்ணீர் விட்ட காட்சியை உலகம் கண்டது.

இந்த ஆட்டத்தைப் பற்றியும் சிலர் குறை கூறினர். உலக வாகையரே இவ்வளவு எளிய பிழை செய்வதா, எதிரியின் பிழையால் பெற்ற வெற்றி ஒரு வெற்றியா என்றனர். சதுரங்கத்தில் எதிரியின் பிழையின்றிப் பெறும் வெற்றி என்று ஒன்று உண்டா? இருவரும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்பதே வல்லுநர் பலர் கருத்து. பிழை செய்ய வேண்டிய நிலைக்கு எதிரியைக் கொண்டுவந்து நிறுத்துவதே ஆட்டத்தின் கலை. சமன் என்று இயந்திரம் சொன்ன பின்னும், சமன் என்று வல்லுநர் சொன்ன பின்னும், பலகையை விட்டு எழாமல் அமர்ந்திருந்த பொறுமையே அன்று வென்றது. அந்தப் பொறுமைக்கு இயந்திரத்தில் எண் இல்லை.

குகேஷின் வாழ்க்கையிலேயே நம் கேள்விக்குரிய விடை இருக்கிறது. அவர் 2019 ஜனவரியில், 12 ஆண்டு 7 மாதம் நிறைந்த வயதில், கிராண்ட்மாஸ்டர் தகுதியைப் பெற்றார். அதுவரை அவர் பயிற்சியில் இயந்திரத்தைப் பயன்படுத்தவில்லை. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அதனைத் தெரிந்தே விலக்கி வைத்திருந்தார். மாணவன் தானே கணித்துப் பழக வேண்டும். தவறான முடிவுக்கு வந்தாலும் அது அவன் உழைத்துப் பெற்ற முடிவாக இருக்க வேண்டும் என்பது அந்த முறையின் கருத்து. பின்னர் உயர்ந்த போட்டிகளுக்கு அவர் ஆயத்தமானபோது இயந்திரம் இன்றியமையாத துணையாயிற்று. இன்று அதன் துணையின்றித் தொடக்க நகர்த்தல்களை ஆயத்தம் செய்யும் வல்லுநர் எவரும் இல்லை. ஆனால் எந்தப் போட்டியிலும் ஆயத்தம் செய்த வழி ஓரிடத்தில் முடிந்துவிடும். போட்டி அரங்கினுள் கைப்பேசிக்கு இடமில்லை. அங்கே ஆட்டக்காரர் தனித்து விடப்படுகிறார். தனித்து விடப்படும் அந்த இடத்தில் நிற்கக் கற்றவரே வாகை சூடினார்.

ஆட்டக்காரருக்கு நன்றாக அமைந்த முறை, காண்போருக்கும் நன்றாகவே அமையும். உலகப் போட்டியைத் தொடர விரும்பும் நேயர்கள் முதலில் எண்ணை மறைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்க்கலாம். பெரும்பாலான கருவிகளில் அதற்கு வசதி உண்டு. உண்மையான பலகை ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர் சிந்திக்கும் நேரத்தில் தாமும் சிந்தித்து, தம் விடையை ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். உலக வாகைப் போட்டியில் ஒரு நகர்த்தலுக்கு இருபது, முப்பது நிமிடங்கள் எடுத்துக்கொள்வதும் உண்டு. அந்நேரம் நமக்கும் உரியது. அதன் பின்னரே இயந்திரத்தைத் திறந்து, அது சொல்வதை நம் விடையோடு ஒப்பிட வேண்டும். இயந்திரம் வேறொன்றைச் சொன்னால், அதுவே சரி என்று ஒப்புக்கொண்டு அகன்றுவிடலாகாது. நம் நகர்த்தலை அதனிடமே ஆடிக் காட்டி, எதிரியின் எந்தப் பதிலால் அது கெட்டது என்று கேட்க வேண்டும். ஏன் என்று இயந்திரம் தானாகச் சொல்லாது; கேட்டுக்கொண்டே சென்றால் காட்டும். வாகையர் பிழை செய்யும்போது, அவர் எதைக் கருதி அதைச் செய்திருப்பார் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் பொழுதுபோக்கன்று. தமிழ் மண்ணில் பிறந்து உலகப் புகழ் எய்தியவர்களை எண்ணி நம் பிள்ளைகள் பெருமை கொள்கின்றனர். அப்பெருமை திரையில் தோன்றிய ஓர் எண்ணால் வந்த பெருமையாக இருந்தால், அடுத்த போட்டியில் எண் மாறும்போது இகழ்ச்சியாக மாறிவிடும். 2013இல் ஆனந்த் தோற்றபோதும், 2024இல் டிங் தோற்றபோதும், அவர்கள் பலகையின் முன் சுமந்த சுமையை உணர்ந்தவர்களுக்கு மட்டுமே குகேஷின் வெற்றி எத்தகையது என்பது முழுமையாக விளங்கும். தோற்றவரை மதிக்கத் தெரியாதவர் வென்றவரையும் உண்மையில் மதித்தவர் ஆகார்.

இயந்திரம் நல்ல ஆசிரியர், பொய் சொல்லாதவர், ஏழை, செல்வர் என்று பாராதவர். தலைநகரில் வாழும் வல்லுநருக்குக் கிட்டும் அதே அறிவை, வட அந்தமானில் ஒரு மீனவரின் பிள்ளைக்கும் விலையின்றி அளிக்கிறது. குலாம் காசிமுக்குக் கிட்டாத பேறு இது. அப்பேற்றை நாம் நன்கு பயன்படுத்த வேண்டுமாயின், அவரிடம் இருந்ததும் நம்மிடம் இருத்தல் வேண்டும். பலகையின் முன் அமர்ந்து, விடை தெரியாத நிலையில், தன் அறிவையே விளக்காகக் கொண்டு எண்ணிப் பார்க்கும் பழக்கமே அது. அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு இயந்திரத்தையும் கொடுப்போம்.